பிப்ரவரிப் புரட்சி நடந்தது மார்ச்சில்

வாட்ஸப் குழுக்களில் காலை வணக்கப் படங்களுக்கு அடுத்தபடியாக நான் சந்தேகத்தோடு பார்ப்பது 'வரலாற்றில் இன்று' தகவல்களைத்தான். அதிலும் பிப்ரவரி, மார்ச் என்றால் கூடுதல் சந்தேகம். ஐரோப்பாவில் பனி உருகி வசந்தம் எட்டிப்பார்க்கும் இந்த வாரங்களில் நினைவுநாட்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அவை ஒழுங்காகத் தங்கள் தேதியில் உட்கார்ந்திருக்க வேண்டுமே!

இந்தக் கூத்து ரோமில் ஆரம்பிக்கிறது. அவர்களுக்கு ஆதியில் வருஷமே மார்ச்சில்தான் பிறந்தது. செப்டம்பர் என்ற பெயருக்குள் ஏழும் டிசம்பருக்குள் பத்தும் ஒளிந்திருப்பது அதனால்தான். பிற்பாடு காலண்டர் ஒரு பக்கமும் பருவம் ஒரு பக்கமுமாகப் போய்விட, ஜூலியஸ் சீசர் அதில் கை வைத்தார். கி.மு. 46ஆம் ஆண்டை 445 நாளாக இழுத்துச் சரிக்கட்டி, மறுவருஷம் புதுக் காலண்டரைத் தொடங்கினார். பாவம், அதைப் பார்த்து நாள் நகர்த்த அவருக்கு ஒன்றேகால் வருஷம்கூடக் கிடைக்கவில்லை. கி.மு. 44, மார்ச் 15 அன்று செனட்டர்கள் கத்தியோடு வந்துவிட்டார்கள்.

அவர் விட்டுச்சென்ற காலண்டரிலும் ஒரு சின்ன ஓட்டை. ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடம் அதிகம். ஒரு டீ குடிக்கிற நேரம்தானே என்று விட்டுவிட்டார்கள். அது சேர்ந்து சேர்ந்து, 1582இல் போப் கிரிகோரி 10 நாட்களை ஒரேயடியாக வெட்டவேண்டியதாயிற்று. 'போப் சொல்லி நாங்கள் கேட்பதா?' என்கிற கணக்கில் பிரிட்டன் 1752 வரை முறுக்கிக்கொண்டு நின்றது. போதாததற்கு அதுவரை இங்கிலாந்தின் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25.

இதில் மாட்டிக்கொண்டவர் ஜார்ஜ் வாஷிங்டன். அவர் பிறந்தபோது பிரிட்டிஷ் வர்ஜீனியாவில் தேதி 1731, பிப்ரவரி 11. அவருக்கு இருபது வயதாகும்போது காலண்டர் மாறியது. நாள் பிப்ரவரி 22க்குத் தள்ளிப்போனது. வருஷம் ஜனவரியில் தொடங்கியதால் பிறந்த ஆண்டும் 1732 ஆனது. நம் ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுவிட்ட பிறந்த தேதியோடு காலம் தள்ளுகிறவர்களுக்கு அவருடைய நிலைமை புரியும்.

ரஷ்யாவோ பிரிட்டனையும் மிஞ்சியது. இருபதாம் நூற்றாண்டு வந்தபிறகும் சீசரின் காலண்டரை விடவில்லை. அதற்குள் வித்தியாசம் 13 நாளாகிவிட்டது. அதனால்தான் 1917இன் பிப்ரவரிப் புரட்சி, மற்ற நாடுகளின் கணக்கில் மார்ச்சில் நடந்தது. இதுவரை சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். இங்கே கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது.

போர் தொடங்கி மூன்றாவது குளிர்காலம். பெட்ரோகிராடில் ரொட்டிக்கு நீண்ட வரிசைகள். பிப்ரவரி 23 அன்று, அதாவது நம் மார்ச் 8 அன்று, வைபோர்க் பகுதியின் நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அன்று மகளிர் தினம். வேலைநிறுத்தத்துக்கு இது நேரமில்லை என்று கட்சிக்காரர்கள் நினைத்திருந்தார்கள். லெனின் அப்போது சூரிச்சில் இருந்தார். பெண்கள் யாருக்கும் காத்திருக்கவில்லை. பக்கத்து இரும்பு ஆலைகளுக்குப் போய் ஆண்களையும் வெளியே அழைத்தார்கள். நாலைந்து நாளில் சிப்பாய்களும் அவர்கள் பக்கம் சேர்ந்தார்கள். ஒரு வாரத்தில் ஜார் முடி துறந்தார்.

அவர் முடி துறந்த நாள், நம் கணக்கில் மார்ச் 15. 'ஜார்' என்ற சொல்லே 'சீசர்' என்பதிலிருந்து வந்ததுதான். சீசரின் காலண்டரை விடாமல் பிடித்திருந்தவர், சீசர் விழுந்த தேதியிலேயே விழுந்தார். ஆனால் அவர் பிடித்திருந்த காலண்டரின்படி அன்று மார்ச் 2 என்பதால், இந்தப் பொருத்தம் அவர் கண்ணிலேயே பட்டிருக்காது!

அதே ஆண்டில் ரஷ்யப் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. மறுவருஷம் போல்ஷெவிக் அரசு காலண்டரை மாற்றியது. ஜனவரி 31க்கு மறுநாள் பிப்ரவரி 14 ஆனது. 1965இல் சோவியத் அரசு மார்ச் 8ஐ விடுமுறையாக்கியது. மெல்ல மெல்ல அது பெண்களுக்கு மஞ்சள் மிமோசாப் பூங்கொத்து கொடுக்கும் வசந்த விழாவாக மாறிப்போனது. நம் அலுவலகங்களில் அது ஆளுக்கொரு ரோஜா, ஒரு கேக், மதியத்துக்குமேல் கோலப்போட்டி. ஜவுளிக்கடையில் சேலைக்குத் தள்ளுபடி. நெசவாலைப் பெண்கள் தொடங்கிவைத்த நாளில் துணிக்குத் தள்ளுபடி என்பது பொருத்தமா, கிண்டலா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தேதிப் பிசகை 13ஐக் கூட்டியோ கழித்தோ சரிசெய்துவிடலாம். ரொட்டி கேட்டவர்கள் கையில் பூ வந்து சேர்ந்ததற்கு அப்படி ஒரு வாய்ப்பாடு இல்லை. பூவின்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அடுத்த மார்ச் 8 அன்று யாராவது ரோஜா நீட்டினால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே, பக்கத்து மேசை ஆணுக்கு எவ்வளவு சம்பளம் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். அந்த நாளின் பழைய சம்பிரதாயம் அதுதான்.