ஒரே அழுத்தம், இரு நோய்கள்

கையில் பட்டை கட்டி அளக்கும் இரத்த அழுத்தம் 120/80 என்று சீராக இருப்பவருக்கும் நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறியிருக்கலாம். நலமாக உள்ளவருக்கு ஓய்வு நிலையில் அந்தத் தமனியின் சராசரி அழுத்தம் ஏறத்தாழ 14 மி.மீ. பாதரசம். 20-ஐத் தாண்டினால் அது நுரையீரல் உயர் இரத்த அழுத்தம். முன்பு 25 என்றிருந்த எல்லையை, 2018-இல் பிரான்சின் நீஸ் நகரில் கூடிய உலக மாநாடு குறைத்தது.

1973-இல் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய கூட்டம், காரணம் தெரியாதது ‘முதல்நிலை’, தெரிந்தது ‘இரண்டாம்நிலை’ என்று இந்நோயை இரண்டாகப் பிரித்தது. அமினோரெக்ஸ் என்ற பசியடக்கி மாத்திரையை உட்கொண்ட பலருக்குச் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, ஜெர்மனி நாடுகளில் இந்நோய் வந்ததே அக்கூட்டத்துக்குத் தூண்டுதல். 1998-இல் எவியான் நகரில் கூடிய மாநாடு ஐந்து வகைகளாகப் பிரித்தது. அவை இன்றைய வடிவில்: நுரையீரல் தமனிகளின் நோய், இடது இதய நோயால் வருவது, நுரையீரல் நோயாலும் ஆக்சிஜன் குறைவாலும் வருவது, கரையாத இரத்தக் கட்டிகளால் வருவது, பல காரணங்கள் கலந்தது. இவற்றில் முதல் இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒத்தவை. உள்ளே நேர் எதிரானவை.

வாய்க்காலே தூர்ந்து குறுகுவது முதல்வகை. கீழ்மடை அடைபட்டதால் தண்ணீர் எதிர்த்து நிற்பது இரண்டாம்வகை.

முதல்வகையில் நுரையீரலின் சிறு தமனிகளின் சுவர் தடித்து, உட்பாதை குறுகுகிறது. சிலருக்குக் காரணமே புலப்படாது. சில குடும்பங்களில் பிஎம்பிஆர்2 மரபணுவின் பிறழ்வு காரணம். இது 2000-இல் கண்டறியப்பட்டது. ஸ்கிளிரோடெர்மா, எச்.ஐ.வி., கல்லீரல் நோய், பிறவியிலேயே இதயத்தில் உள்ள ஓட்டை ஆகியவையும் இதைக் கொண்டுவரும். இது அரிய நோய். பெண்களையே அதிகம் தாக்குகிறது.

இரண்டாம்வகைதான் ஐந்திலும் மிகப் பரவலானது. இங்கே கோளாறு நுரையீரலில் தொடங்குவதில்லை. நெடுநாள் இரத்தக் கொதிப்பால் விறைத்துப்போன இடது கீழறை, மாரடைப்புக்குப் பின் தளர்ந்த இதயம், சுருங்கிய மைட்ரல் வால்வு ஆகியவற்றால் இரத்தம் முன்னேற வழியின்றி நுரையீரலில் தேங்குகிறது. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடுவது இந்தியாவில் இன்றும் காணப்படும் காரணம்.

படியேறினால் மூச்சு வாங்குதல், கால் வீக்கம், களைப்பு ஆகியவை இரண்டுக்கும் பொது. எக்கோ பரிசோதனை இரண்டிலும் அழுத்தம் ஏறியிருப்பதைக் காட்டும். படுத்தால் மூச்சு முட்டுவதும், எக்கோவில் இடது மேலறை விரிந்து தெரிவதும் இரண்டாம்வகையை நோக்கிக் கை காட்டும். ஆனாலும் இறுதித் தீர்ப்பு வடிகுழாய்ப் பரிசோதனையில்தான்.

கழுத்து அல்லது தொடைச் சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து நுரையீரல் தமனிக்குக் கொண்டுபோவார்கள். அதன் நுனியில் உள்ள சிறு பலூனை ஊதி ஒரு கிளையை அடைத்தால், அதற்கு அப்பால் இடது மேலறையின் அழுத்தம் எவ்வளவு என்பது தெரியும். 15-க்கு மேல் இருந்தால் கோளாறு இடது இதயத்தில். 15-க்குள் என்றால் அதற்கு முன்பே தடை இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, இருவருக்குச் சராசரி அழுத்தம் 40, இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் இரத்தம் 4 லிட்டர் என்று கொள்வோம். ஒருவருக்குப் பலூனை ஊதி அளந்த அழுத்தம் 8. இரத்தக்குழாய்த் தடை (40−8)÷4, அதாவது 8 அலகு. மற்றவருக்கு அந்த அழுத்தம் 32; தடை 2 அலகுதான், இயல்பின் எல்லைக்குள். நாள்பட்ட இரண்டாம்வகையில் சிறு தமனிகளும் தடித்து இரண்டும் கலந்துவிடுவது உண்டு.

சிகிச்சை இங்கேதான் பிரிகிறது. சில்டெனாஃபில், போசென்டான், எப்போப்ரோஸ்டெனால் போன்றவை தமனியை விரித்து முதல்வகை நோயாளிக்கு உதவுகின்றன. இரண்டாம்வகையில் அதே விரிவு, ஏற்கெனவே திணறும் இடது இதயத்தின் மேல் கூடுதல் இரத்தத்தைத் தள்ளி நுரையீரலில் நீர் கோக்கச் செய்யலாம். கடும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு எப்போப்ரோஸ்டெனால் கொடுத்துப் பார்த்த ஆய்வு, இறப்பு கூடும் போக்கு தெரிந்ததால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அதன் முடிவு 1997-இல் வெளியானது. இரண்டாம்வகை நோயாளிகளுக்கு வேண்டியது நீர் வெளியேற்றும் மருந்து, இரத்தக் கொதிப்புக் கட்டுப்பாடு, வால்வைப் பலூனால் விரித்தல் அல்லது மாற்றுதல்.

ஆகவே எக்கோ அறிக்கையில் ‘நுரையீரல் அழுத்தம் அதிகம்’ என்று கண்டால், எவ்வளவு என்று கேட்டதோடு நிற்காதீர்கள். எந்த வகை என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது தெரியாமல் நுரையீரல் அழுத்தம் குறைக்கும் மாத்திரையைத் தொடங்காதீர்கள்.