மூன்றாகப் பிரித்த மைதானம்

எட்டாம் வகுப்பு வரை கபடி ஆடினேன். ஒன்பதாம் வகுப்பில் பி.டி. டீச்சர் கையில் ரிங்கைக் கொடுத்து, "இனிமே இதுதான்" என்றார். ரிங் டென்னிஸ், த்ரோபால் இரண்டிலும் நடுவில் வலை உண்டு. எதிரணிப் பெண்ணின் மூச்சுகூட நம்மேல் படாது. நான் காரணம் கேட்கவில்லை. வயதுக்கு வந்த பெண்ணுக்குக் கேட்காமல் இருப்பதும் ஒரு பாடம்தானே. பல வருடங்கள் கழித்து அந்த வலையின் வரலாற்றைத் தேடியபோது, அது என்னை அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

1891 டிசம்பர். அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்கு, குளிர்காலத்தில் கூடத்துக்குள்ளேயே ஆட ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது. அமெரிக்கக் கால்பந்தை உள்ளே ஆடினால் எலும்பு முறியும். ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித் யோசித்தார். அதில் ஏன் ஆளைப் பிடித்துத் தள்ளுகிறார்கள்? பந்தோடு ஓடுகிறவனை நிறுத்த வேறு வழியில்லை என்பதால். பந்தோடு ஓடவே கூடாது என்றால் தள்ள வேண்டிய தேவை போய்விடுகிறது. இலக்கு தரைமட்டத்தில் நேரெதிரே இருந்தால் பந்தை வெறியோடு வீசுவார்கள். அதைத் தலைக்கு மேலே ஏற்றி, வாய் வானத்தைப் பார்க்கும்படி வைத்துவிட்டால் பலம் பயன்படாது. வளைத்துத்தான் போட வேண்டும். இப்படிப் பிறந்தவைதான் கூடைப்பந்தின் 13 விதிகள். இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, காலைத் தட்டிவிடுவது, அடிப்பது எல்லாம் ஃபவுல். அதையே மறுபடி செய்தால் அடுத்த கோல் விழும்வரை வெளியே நிற்க வேண்டும்.

ஆண்களைப் பார்த்து "மென்மையாக இருங்கள்" என்று நைஸ்மித் உபதேசிக்கவில்லை. முரட்டுத்தனத்தால் கிடைக்கும் லாபத்தை எடுத்துவிட்டார். உடலை அதன்போக்கில் விட்டுவிட்டு, மோதலுக்கான காரணத்தை மட்டும் மாற்றினார். விதி செய்வதில் இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

சில வாரங்களிலேயே ஆட்டம் பக்கத்து ஊருக்குப் போனது. நார்த்தாம்ப்டனில் உள்ள ஸ்மித் மகளிர் கல்லூரியில், லித்துவேனியாவில் பிறந்த செண்டா பெரன்சன் 1892இல் உடற்பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்திருந்தார். 1893 மார்ச் 22 அன்று முதலாமாண்டு மாணவிகளும் இரண்டாமாண்டு மாணவிகளும் மோதினார்கள். ஆண்களுக்கு அனுமதியில்லை. தொடக்கத்திலேயே ஒரு மாணவிக்குத் தோள் மூட்டு விலகியது. ஆட்டம் தொடர்ந்தது.

பெரன்சன் பெண்களுக்காக விதிகளைத் திருத்தினார். மைதானம் மூன்றாகப் பிரிந்தது. தன் பகுதியைவிட்டு எவளும் தாண்டக் கூடாது. பந்தை மூன்று நொடிக்குமேல் கையில் வைத்திருக்கக் கூடாது, மூன்று முறைக்குமேல் தரையில் தட்டக் கூடாது. எதிராளியின் கையிலிருந்து பிடுங்கவும் கூடாது. 'பிடுங்காதே' என்பது எல்லா வீடுகளிலும் பெண்குழந்தைகள் கேட்டு வளரும் சொல். இங்கே அது சட்டமாகி, 1901இல் அச்சான விதிநூலிலும் ஏறியது.

பெரன்சனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஓடினால் கருப்பை கெடும் என்று மருத்துவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பெண்கள் முரட்டுத்தனமாக ஆடுகிறார்கள் என்ற பேச்சு பரவினால் கூடத்தையே பூட்டிவிடுவார்கள். வேலியை ஒப்புக்கொண்டு மைதானத்தை வாங்கினார் என்றே எண்ணுகிறேன்.

ஆனால் வேலி தானாக வளரும். நியூ ஆர்லியன்ஸின் நியூகோம்ப் கல்லூரியில் கிளாரா பேர் 1895இல் வெளியிட்ட விதிகளில் மைதானம் இன்னும் சிறுசிறு கட்டங்களாகியது. வீராங்கனைகள் நிற்க உகந்த இடங்களைக் காட்ட நைஸ்மித் வரைந்த கோடுகளை அவர் எல்லைகளாகப் புரிந்துகொண்டார் என்றொரு கதை உண்டு. கோட்டைப் பார்த்ததும் தாண்டக் கூடாது என்று நினைக்க நமக்குச் சொல்லித்தரவா வேண்டும்? இரு கையாலும் பந்தை வீசுவது அங்கே ஃபவுல். அப்படி வீசினால் தோள் முன்னால் சரிந்து மார்பு ஒடுங்கிவிடுமாம். காயத்துக்கும் இந்த விதிக்கும் என்ன சம்பந்தம்? எதிரணியிடமிருந்து காப்பாற்றுகிற விதியே இல்லை இது. பார்க்கிற கண்ணுக்காக உடலைத் திருத்துகிற விதி.

மூன்று பகுதிகள் இரண்டாக 1938 ஆனது. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் முழு மைதானத்திலும் ஓட 1971 ஆனது. அயோவா மாநிலப் பள்ளிகளில் பாதி மைதான ஆட்டம் 1993 வரை நீடித்தது. அதைப் பார்க்க அரங்குகள் நிறைந்தன என்பதையும் சொல்ல வேண்டும். வேலிக்குள்ளும் பெண்கள் அபாரமாகத்தான் ஆடினார்கள்.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். நம் பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களை அனுப்பிய இடம் அது. த்ரோபாலும் அந்தக் கல்லூரி வழியாகவே பரவியது என்பார்கள். கிளாரா பேர் 1895இல் உருவாக்கிய இன்னொரு ஆட்டம் நியூகோம்ப் பால். நடுவில் வலை, பந்தை எறிவதும் பிடிப்பதும்தான் ஆட்டம். த்ரோபாலுக்கு மூத்த அக்காபோல இருக்கும்.

கபடியிலும் பெண்களுக்கென்று தனி அளவு உண்டு. ஆண்களுக்கு 13க்கு 10 மீட்டர் களம், நமக்கு 12க்கு 8. ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கபடி 1990இல் நுழைந்தது. பெண்கள் கபடி நுழைய 2010 ஆனது. ஆனால் தொடுவதற்கான விதி இருவருக்கும் ஒன்றுதான். எங்கள் கல்லூரி அணியில் ஆடும் மாணவி ஒருத்தி, முழங்கையில் பிளாஸ்திரியோடு வருகைப்பதிவு கேட்டு வந்தவள், எனக்கு அதை விளக்கினாள்.

"பாடி வர்றவளைக் கை, கால், உடம்புல பிடிக்கலாம் மேடம். எத்தனை பேர் வேணாலும் மேல விழலாம். கழுத்தை நெரிக்கக் கூடாது. வாயைப் பொத்திப் பாட்டை நிறுத்தினா ஃபவுல்."