அவஸ்தை என்னும் சொல்

நம் பாட்டிமார் கையில் வைத்திருந்த பழைய செபப் புத்தகங்களில் ஏழு தேவதிரவிய அனுமானங்களின் வரிசையில் 'அவஸ்தைப் பூசுதல்' என்றொரு பெயர் காணப்படும். அவஸ்தை என்ற வடசொல்லுக்கு நிலை என்பதே நேர்ப்பொருள். தமிழுக்கு வந்தபின் அது துன்பத்தைக் குறித்து, நம் கத்தோலிக்க வழக்கில் இன்னும் குறுகி, உயிர் பிரியும் நேரத்துப் போராட்டத்தை மட்டுமே சுட்டும் சொல்லாயிற்று. இதனால் விளைந்த தீங்கு சிறிதன்று. 'சாமியாரை அழைத்துவிட்டார்கள்' என்ற பேச்சுக் கேட்டால், அந்த வீட்டில் நம்பிக்கை முடிந்தது என்று ஊர் அறிந்துகொண்டது. நோயாளி பயந்துவிடுவார் என்ற இரக்கத்தாலேயே நினைவு தப்பும்வரை காத்திருந்து குருவானவருக்கு ஆள் அனுப்பும் வழக்கம் இன்றும் பல குடும்பங்களில் உண்டு.

தொடக்கத்தில் இது இவ்வாறு இருக்கவில்லை. இயாகப்பரின் திருமுகம் நோயாளியைப் பற்றிப் பேசுகிறதே தவிர, இறந்துகொண்டிருப்பவரைப் பற்றிப் பேசவில்லை. முதல் நூற்றாண்டுகளில் ஆயர் மந்திரித்த எண்ணெயை விசுவாசிகள் வீட்டுக்கே எடுத்துச் சென்று நோயுற்ற உடலில் பூசினர். இடைக்காலத்தில்தான் அது மெல்ல மெல்ல மரணப் படுக்கைக்கு நகர்ந்து 'கடைசிப் பூசுதல்' ஆயிற்று. 1551இல் திரிதெந்தின் பொதுச்சங்கமும் முடிவை நெருங்கியவர்களுக்கே இது சிறப்பாக உரியதென உரைத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் இதனை 'நோயில் பூசுதல்' என்று அழைப்பதே மேல் என்று திருத்த, திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் 1972இல் புதிய சடங்கு முறையைத் தந்தார். பெயர் மாறி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அச்சம் மட்டும் பழைய பெயரோடு தங்கிவிட்டது.

இதே அச்சத்துக்கு இலக்கான இன்னொரு பொருளும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர் அபினியிலிருந்து பிரித்தெடுத்து, கிரேக்கர்களின் கனவுத் தெய்வத்தின் பெயரைச் சூட்டிய மார்பின் அது. எண்ணெயைப் போலவே மார்பினும் கடைசி நாளுக்கென்று ஒதுக்கப்பட்டது. 'மார்பின் போட்டுவிட்டார்கள்' என்றால் கதை முடிந்தது என்று பொருள். முடிவுக்கு வெகு முன்னரே உதவியிருக்க வேண்டிய இரண்டும் இப்படி முடிவின் அடையாளங்களாகிப் போயின.

இந்நிலையை மாற்றியவர்களுள் அருட்சகோதரிகள் பலர் இருந்தனர் என்பது நம் வாசகர் பலர் அறியாத செய்தி. அன்னை மேரி ஐகன்ஹெட் நிறுவிய அயர்லாந்துப் பிறரன்புச் சகோதரிகள் 1879இல் டப்ளின் நகரின் ஹெரால்ட்ஸ் கிராசில் இறக்கும் தறுவாயில் உள்ள ஏழைகளுக்கென ஓர் இல்லம் திறந்தனர். 1905இல் இலண்டனின் ஹாக்னிப் பகுதியிலும் ஒன்று தொடங்கினர். அதற்கு நன்மரணப் பாதுகாவலரான புனித சூசையப்பரின் பெயரை இட்டதில் வியப்பில்லை. மருத்துவமனைகள் 'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிட்டவர்கள் அங்கு வந்தனர். சகோதரிகளிடம் பரிவும் செபமும் பொறுமையும் குறைவின்றி இருந்தன. வலியை அடக்கும் நுட்பம் மட்டும் போதவில்லை.

அதைக் கொண்டுவந்தவர் ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண்மணி. முதலில் செவிலி, பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், பின்னர் முப்பது வயதைக் கடந்து மருத்துவம் பயின்று மருத்துவர் ஆனவர். வார்சாவிலிருந்து வந்து இலண்டனில் பரிசாரகராக வேலை பார்த்த டேவிட் டாஸ்மா என்ற யூத இளைஞர் 1948இல் புற்றுநோயால் இறந்தபோது, இவர் எழுப்பப்போகும் இல்லத்தில் தாம் ஒரு சாளரமாக இருக்க வேண்டுமென்று சொல்லி 500 பவுண்டு விட்டுச் சென்றார். சாண்டர்ஸ் 1958 முதல் 1965 வரை ஹாக்னியில் சகோதரிகளோடு பணியாற்றினார். அவர் அங்கு நிலைநிறுத்திய முறை எளியது: வலி வந்து நோயாளி அலறும்வரை காத்திராமல், நான்கு மணிக்கு ஒருமுறை, வலி தலைதூக்கும் முன்பே, வாய்வழியாக மார்பின் கொடுப்பது. அளவறிந்து இப்படிக் கொடுத்தபோது நோயாளிகள் மயங்கிக் கிடக்கவில்லை, அடிமையாகவும் இல்லை, உறவினரோடு பேசினார்கள், உண்டார்கள், உறங்கினார்கள். வலி உடலில் மட்டும் இல்லை, உள்ளத்திலும் குடும்பத்திலும் ஆன்மாவிலும் அது பரவியிருக்கிறது என்று அவர் கண்டு, 'முழு வலி' என்று அதற்குப் பெயரிட்டார். 1967இல் புனித கிறிஸ்டோபர் இல்லம் இலண்டனில் திறக்கப்பட்டபோது டாஸ்மாவின் சாளரமும் அங்கு இருந்தது.

வலியைத் தணிப்பது சிலுவையைத் தட்டிக் கழிப்பதாகாதா என்று கேட்கும் பக்தியுள்ளவர்கள் நம்மிடையே உண்டு. கல்வாரியில் ஆண்டவர் வெள்ளைப்போளம் கலந்த இரசத்தை மறுத்ததை அவர்கள் எடுத்துக்காட்டுவர். இக்கேள்விக்குத் திருச்சபை விடை சொல்லி வெகு காலமாயிற்று. 1957 பெப்ருவரி 24ஆம் நாள் மயக்க மருந்து வல்லுநர்களிடம் பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், வலியைத் தாங்கியே ஆகவேண்டும் என்ற கடமை விசுவாசிக்கு இல்லை என்றார். உயிரைப் போக்கும் நோக்கமின்றி, வேறு வழி இல்லாதபோது கொடுக்கப்படும் வலி மருந்து, ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்று தெரிந்தாலும் தகும் என்றும் தெளிவாக்கினார். சரியான அளவில் தரும் மார்பின் ஆயுளைக் குறைப்பதில்லை என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. ஆகவே அந்த மனக்குழப்பத்துக்குக்கூட இப்போது இடமில்லை. தானே விரும்பித் துன்பத்தை ஒப்புக்கொடுப்பவர் புனிதர். அடுத்தவர் துன்பத்தை அவருக்காக ஒப்புக்கொடுக்கிற உரிமை நமக்கு யாரும் தரவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மருந்துக்கான அபினியைச் சட்டப்படி விளைவித்து உலகுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு நம்முடையது. ஆயினும் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கணக்கில் பிசகினால் பத்தாண்டுச் சிறை என்ற அச்சத்தையும் பல துறைகளின் உரிமங்களையும் மருத்துவமனைகள் மீது சுமத்தியது. மருந்துக் கடைகள் மார்பினைக் கைவிட்டன. ஆண்டுக்குப் பல நூறு கிலோவாக இருந்த பயன்பாடு 1997இல் சுமார் 18 கிலோவாகச் சுருங்கியது. மருத்துவக் கல்லூரியில் ஒரு தலைமுறை மாணவர்கள் மார்பினைக் கையாளக் கற்காமலே வெளியேறினர். சட்டம் திருத்தப்பட்டது 2014இல்தான். இடைப்பட்ட இருபத்தொன்பது ஆண்டுகளில் எத்தனை வீடுகளில் இரவெல்லாம் அலறல் கேட்டிருக்கும்!

அந்த இருளிலும் சிலர் உழைத்தனர். 1986இல் டாக்டர் டி சௌசா மும்பை பாந்த்ராவில் சாந்தி அவேத்னா என்ற இல்லத்தைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் இத்தகைய இல்லம் அது. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் இராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களும் தொடங்கிய வலி நிவாரண சங்கம் இல்லம் கட்டாமல் நோயாளியின் வீட்டுக்கே சென்றது. அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்றுத் தொண்டராயினர். 2008இல் கேரள அரசு இதனைக் கொள்கையாகவே ஏற்றது.

வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது நம் சென்னைக்குப் புதிதன்று. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் படப்பையைத் தாண்டினால் சேரப்பணஞ்சேரி, அதையடுத்து ஒரகடம். இச்சாலையின் கீழ்த்திசையில் தாம்பரமும் மேற்றிசையில் காஞ்சிபுரமும் உள்ளன. 1928இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோயாளருக்கென ஒரு சானடோரியம் அமைத்தார். அப்பெயரில் இரயில் நிலையம் இருப்பதால் தினமும் ஆயிரக்கணக்கானோர் அச்சொல்லை உச்சரிக்கின்றனர். பொருளை நினைப்பவர் சிலரே. மருந்து இல்லாத அக்காலத்தில் தூய காற்றும் ஓய்வும் சத்துணவுமே சிகிச்சை. பின்னர் 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு, மருந்து ஒழுங்காகத் தரப்பட்டால் குடிசையில் இருக்கும் ஏழைக் காசநோயாளியும் சானடோரியத்தில் இருப்பவருக்கு இணையாகக் குணமடைகிறார் என்று உலகுக்குக் காட்டிற்று. அதே தாம்பரம் மருத்துவமனை, 1990களில் வேறெங்கும் இடம் கிடைக்காத எய்ட்ஸ் நோயாளர்களை ஏற்றது. 2004இல் இலவச மருந்து வரும்வரை அங்கு வந்தவர்களுள் பலர் இறப்பதற்கே வந்தனர்.

மேற்றிசையில், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில், 1969 பெப்ருவரி 3ஆம் நாள் புற்றுநோயால் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரால் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. மார்பின் மாத்திரை அங்கு உண்டா என்று கேட்கத் தெரியாத குடும்பங்கள் இன்னும் உள்ளன. இரவுப் பணி முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் திரும்பும் மகன், வாடகை அறையில் படுத்திருக்கும் தாய், பக்கத்து அறையில் யார் என்றே அறியாத வெளிமாநிலத்துத் தொழிலாளர்: இதுதான் ஒரகடத்துச் சூழல். விருதுநகர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் கிடையில் விழுந்த முதியோரை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து அனுப்பிவிடும் 'தலைக்கூத்தல்' பற்றிப் படித்து நாம் பதறினோம். கொலை கொலைதான், அதில் ஐயமில்லை. ஆனால் வலிக்கு மருந்தும் மாற்றிப் படுக்க வைக்க ஆளும் இல்லாத வீட்டில்தான் அந்த எண்ணெய் கையில் எடுக்கப்படுகிறது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் உள்ளோருக்கான வலி நிவாரணப் பராமரிப்பும் சேர்க்கப்பட்டது. செவிலி வீட்டுக்கு வருவார். ஆனால் எந்த வீடு என்று யாரேனும் சொல்ல வேண்டும். கோழிக்கோட்டில் தொண்டர்கள் செய்ததும் பெரும்பாலும் அதுவே. படுக்கைப்புண் வராமல் புரட்டிவிடுவதும், வாயைத் துடைப்பதும், புண்ணின் துர்நாற்றம் போக மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுவதும் கற்க முடியாத வித்தைகள் அல்ல.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் ஏற்படுத்திய உலக நோயாளர் நாள் 1993 முதல் பெப்ருவரி 11ஆம் நாள் கொண்டாடப்படுகிறது. அன்று பல பங்குகளில் பொதுவாக நோயில் பூசுதல் நடைபெறுகிறது. நடந்து வரக்கூடியவர்கள் வந்து பெற்றுச் செல்கின்றனர். வர இயலாதவர்களின் பெயர்களை அன்பியப் பொறுப்பாளர்கள் முந்திய வாரமே எழுதிக் கொடுத்தால், எண்ணெயோடு குருவானவர் செல்லும்போது, மருத்துவமனைச் சீட்டையும் மாத்திரைப் பெட்டியையும் பார்த்து, வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு வர ஒருவர் உடன் செல்லலாம்.