துப்பு, வாக்குமூலம், ஹார்ட் டிஸ்க்

துப்பறியும் கதை என்கிற வகைமை, வாக்குமூலத்தின் மீதான அவநம்பிக்கையில் காலூன்றி நிற்கிறது என்பது என் வாசிப்பு. அடித்துச் சொல்லவைத்தது உண்மையாகாது. தடயமும், நேரக் கணக்கும், யார் எங்கே நின்றார்கள் என்பதும்தான் பேச வேண்டும். இந்த வகைமை திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்த வழியும், வந்தபின் எங்கள் பார்வையில் நிகழ்ந்ததுமே இங்கே என் அக்கறை.

1993 இல் தூர்தர்ஷனில் பாசு சட்டர்ஜியின் 'வ்யோம்கேஷ் பக்ஷி' வந்தபோது பாதி இந்தி புரியாமலே பார்த்தோம். நிஜமான பழக்கம் 2005 இல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தபிறகுதான். 256 கேபிபிஎஸ் வேகம். ஒரு மணிநேரத் தொடரின் ஒரு பகுதி 350 எம்.பி.; இரண்டு சேர்ந்தால் ஒரு சி.டி. இரவு இரண்டு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை கணக்கில் சேராத திட்டம் ஒன்று இருந்தது. பகுதி ஒன்றுக்கு மூன்று மணிநேரமென்றால் விடிவதற்குள் இரண்டு இறங்கும், கரண்ட் போகாமலிருந்தால். சட்டத்தின் கண்ணில் இது திருட்டு. (குற்றக் கதைகள் வேறெப்படி வரும்!) பாளையங்கோட்டைக் கல்லூரி ஆசிரியர், வண்ணார்பேட்டை டைப்செட்டிங் கடைக்காரர், தொழிற்சங்கத் தோழர்கள் என்று ஹார்ட் டிஸ்க் கைமாறிக்கொண்டே இருந்தது.

'தி வயர்' தொடரின் அறுபது பகுதிகளையும் அப்படித்தான் பார்த்தோம். பால்டிமோர் ஆங்கிலம் காதில் நிற்காது. வசன வரிகள் ஒரு நொடி முந்தும், இல்லை பிந்தும். நிறுத்தி, பின்னால் போய், மறுபடி பார்ப்போம். தியேட்டரிலும் டிவியிலும் கிடைக்காத வாசிப்பு முறை இது. பிரதியை நம் கையில் வைத்துக்கொள்வது. ஒரு போனை ஒட்டுக்கேட்க நீதிபதியிடம் அனுமதி வாங்க எத்தனை பாடு, மேலதிகாரிக்கு ஏன் புள்ளிவிவரம் மட்டும் போதுமாயிருக்கிறது என்றெல்லாம் டீக்கடையில் விவாதம் நீளும். "மூலதனம் படிக்கிற மாதிரில்லா இருக்குவே" என்றார் ஒரு தோழர். வில்லன் தனியாள் இல்லை, அமைப்பு என்பதைச் சொன்னார்.

எனக்கு அதிகம் பிடித்தது 1991 இல் தொடங்கிய பிரிட்டிஷ் தொடர் 'ப்ரைம் சஸ்பெக்ட்'. அதன் விசாரணை அறையில் ஒரு டேப் ரெக்கார்டர் உண்டு. தேதி, நேரம், அறையில் யார் யார் என்று சொல்லிவிட்டுத்தான் கேள்வி. அந்த அறையின் பதற்றமெல்லாம் கை ஓங்க முடியாததிலிருந்து வருவது. சொல்லாலேயே மடக்கியாக வேண்டும். இந்த எந்திரம் எழுத்தாளரின் கற்பனை அல்ல. 1972 இல் லண்டனில் நடந்த கான்ஃபெய்ட் கொலையில் மூன்று பையன்கள் பொய்யாக ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார்கள். 1975 இல் அது ரத்தானது. அந்த வெட்கக்கேட்டிலிருந்து ஒரு ராயல் கமிஷன், அதிலிருந்து 1984 ஆம் ஆண்டுச் சட்டம், அதன் வழியாக அறைக்குள் டேப். நாம் ரசிக்கும் 'புத்திசாலித்தன'த்துக்குப் பின்னால் மூன்று பையன்களின் சிறைவாசம் இருக்கிறது.

நம் பக்கத்தில் இந்த வரலாறு இன்னும் பழசு. சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் 1855 இல் அறிக்கை தந்தது. வரி வசூலுக்கும் குற்ற ஒப்புதலுக்கும் ஒரே கிட்டி, ஒரே அண்ணாந்தாள். தாசில்தாரே போலீசாகவும் இருந்த காலம். கார்ல் மார்க்ஸ் 1857 இல் நியூயார்க் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் இந்த அறிக்கையைப் பயன்படுத்தினார். 1859 ஆம் ஆண்டுச் சட்டம் போலீசை வருவாய்த்துறையிலிருந்து பிரித்தது. 1872 ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு, போலீசிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்றது. ஷெர்லாக் ஹோம்ஸ் அச்சேற இன்னும் பதினைந்து வருடம் இருந்தது! ஆனால் 27 ஆம் பிரிவு ஒரு சந்து வைத்தது: சொன்னதன் வழியாக ஒரு பொருள் கிடைத்தால், அந்த அளவுக்குச் சொன்னது செல்லும். பொருள் கிடைக்கும்வரை லாடம் கட்டலாம் என்பது அதன் நடைமுறை உரை. 2024 ஜூலை 1 இல் வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்தச் சந்து அப்படியே இருக்கிறது.

சினிமா இதைக் கொண்டாட்டமாக்கியது. நெல்லையில் கதை நடக்கும் 'சாமி' (2003) படத்தில் நாயகன் வில்லனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதில்லை, தானே தீர்க்கிறான். கைதானவன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று மாவுக்கட்டோடு படம் வந்தால் நாம் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்பையும் இந்தக் கதையாடல்தான் கற்றுத்தந்தது. 2022 இல் வந்த 'வதந்தி' இதிலிருந்து விலகுகிறது. குமரி மாவட்டத்தில் ஒரு பெண்ணின் பிணம். அவளைப் பற்றி ஆளுக்கொரு கதை. ஊர்ப் பேச்சு எப்படி ஒரு பிரதியாகி இறந்தவளை மறுபடி கொல்கிறது என்பதை அது காட்டுகிறது. கொஞ்சம் இழுவைதான், ஆனாலும் இங்கிருந்தே வந்த துப்பறிதல்.

இனி நிஜம். 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 22, 23 தேதிகளில் இறந்தார்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட், கேமரா பதிவைச் சேமிக்க ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி அமைத்திருந்தார்கள் என்று உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார். ஒரு டெராபைட்டில், எங்கள் கணக்குப்படி, மூவாயிரம் பகுதிகள் வைக்கலாம். அந்த இரவு என்ன நடந்ததென்பது ஒரு பெண் தலைமைக் காவலர் வாய்திறந்ததால்தான் தெரியவந்தது. பயந்து, கையெழுத்துப் போடத் தயங்கி, பிறகு போட்டார். தடயம் அழியாமலிருக்க ஸ்டேஷனை வருவாய்த்துறைப் பொறுப்பில் வைக்கச் சொன்னது மதுரைக் கிளை. 1859 இல் பிரித்ததைச் சில நாட்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்!

அந்த டிசம்பரில் உச்சநீதிமன்றம் எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம், முடியாத இடத்தில் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்றது. 2023 மார்ச்சில் அம்பாசமுத்திரத்தில், விசாரணைக்குக் கூட்டிப்போனவர்களின் பல்லைப் பிடுங்கியதாகப் புகார் எழுந்த அன்று, டீக்கடையில் யாரும் "அவன் என்ன தப்பு பண்ணினான்?" என்று கேட்கவில்லை. டைப்செட்டிங் கடைக்காரர் பேப்பரை மடித்துவிட்டுக் கேட்டார்: "கேமராவுல பதிஞ்சது எங்க இருக்கு அண்ணாச்சி?"