நெகிழ்வு எண்டோஸ்கோப்

உணவுக்குழாய், இரைப்பை, பெருங்குடல் போன்ற வளைந்த உள்வழிகளுக்குள் ஒளியைச் செலுத்தி, அங்குள்ளதை நேரடியாகக் காட்டும் மருத்துவக் கருவி. 1932இல் ருடால்ஃப் ஷிண்ட்லர் உருவாக்கிய இரைப்பைநோக்கி, முந்தைய விறைப்பான குழாய்களைவிட மேம்பட்டது; ஆனாலும் அதன் கீழ்ப்பகுதி மட்டுமே ஓரளவு வளைந்தது.

கண்ணாடி இழைதான் வழி திறந்தது. 1954இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹரால்ட் ஹாப்கின்ஸும் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் இழைக்கற்றை வழியே பிம்பத்தைக் கடத்திக் காட்டினர். ஆனால் ஒன்றையொன்று தொடும் இழைகளுக்கிடையே ஒளி கசிந்தது. அதைத் தீர்த்தவர் மிச்சிகன் பல்கலைக்கழக இளநிலை மாணவர் லாரன்ஸ் கர்ட்டிஸ். ஒளிவிலகல் எண் கூடுதலான கண்ணாடித் தண்டை, அந்த எண் குறைந்த கண்ணாடிக் குழாய்க்குள் செருகி, இரண்டையும் சேர்த்து உருக்கி இழுத்தார். 1956இல் உறையிட்ட இழை கிடைத்தது. எளிய இந்த யோசனையே கருவியின் உயிர்நாடி. 1957 தொடக்கத்தில் மருத்துவர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் அந்த இழையால் ஆன கருவியை முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார்.

பிம்பம் கடத்தும் கற்றையில் ஒவ்வோர் இழையும் இரு முனைகளிலும் ஒரே வரிசையில் இருந்தாக வேண்டும். வரிசை குலைந்தால் படம் சிதறும். ஓர் இழை முறிந்தால் பார்வையில் ஒரு கரும்புள்ளி விழும். ஒளி கடத்தும் கற்றைக்கு இந்த ஒழுங்கு தேவையில்லை. விளக்கு உடலுக்கு வெளியே இருப்பதால் திசுவில் படும் வெப்பம் பெரிதும் குறைகிறது. கைப்பிடிச் சக்கரங்களைத் திருப்பினால் உள்ளே ஓடும் கம்பிகள் நுனியை மேலும் கீழும் பக்கவாட்டிலும் வளைக்கும். காற்று, நீர், திசு எடுக்கும் இடுக்கி ஆகியவை செல்லவும் பாதைகள் உண்டு.

1983இல் நுனியிலேயே சிசிடி எனும் ஒளி உணரி பொருத்திய வீடியோ எண்டோஸ்கோப் வந்தது. பிம்பம் கண்வில்லையிலிருந்து திரைக்கு மாறியது.