உபகாரமா, உரிமையா?



பென்ஷன் என்பதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'உபகாரச் சம்பளம்' என்றே சொல்லி வந்தார்கள். அச்சொல்லுக்குள் ஒரு வரலாறு அடங்கிக் கிடக்கிறது. உபகாரம் என்பது ஒருவர் மனமுவந்து செய்யும் நன்மை. கொடுத்தால் பெற்றுக்கொள்ளலாம்; கொடுக்காவிடில் கேட்க வழியில்லை. படைப்பணியில் உடல்நலம் இழந்த வீரனுக்கு அரசு தரும் தொகை இத்தகைய உபகாரந்தானா? அன்றி, அவன் நிமிர்ந்து நின்று கேட்கத்தக்க உரிமையா? சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலைப்பொழுதில், இவ்வினா என் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது.

வந்தவர் என் பழைய மாணவர். பதினோர் ஆண்டுகள் சிப்பாயாக இருந்தவர். முதுகுத்தண்டில் நோய் கண்டு, மருத்துவக் குழுவின் முடிவுப்படி பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர். திண்ணையில் அமர்வதற்கும் தூணைப் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் நீட்டிய தாளில் இரண்டு வரிகளே முக்கியமானவை. ஊனம் நூற்றுக்கு 30 என்பது ஒன்று. அந்நோய் படைப்பணியால் உண்டானதும் அன்று, படைப்பணியால் மிகுந்ததும் அன்று என்பது மற்றொன்று.

"என் வலி எனக்குத்தான் தெரியும், ஐயா. இதற்கு மதிப்பு வெறும் முப்பதுதானா? மேல்முறையீடு செய்ய மனம் துடிக்கிறது. ஆனால், 'உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும், சோறு போட்ட இடத்தோடு வழக்காடாதே' என்று அப்பா தடுக்கிறார்" என்றார் அவர்.

உடனே விடை சொல்ல எனக்குத் துணிவில்லை. இரண்டு நாள் கழித்து வருமாறு சொல்லிவிட்டு, வரலாற்று நூல்களையும் சட்டத் தொகுதிகளையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இங்கிலாந்தில் 1593-ஆம் ஆண்டிலேயே, ஊனமுற்ற படைவீரருக்கு உதவுவதற்கென ஊர்தோறும் வரி தண்டும் சட்டம் பிறந்தது. பிரான்சு நாட்டில் பதினான்காம் லூயி மன்னன் 1670-இல் பாரிஸ் நகரத்து 'இன்வாலிட்' மாளிகையை எழுப்ப ஆணையிட்டான். இவை நல்ல செயல்களே. ஆயினும், அங்கெல்லாம் வீரன் இரந்து நின்றான். ஆள்வோர் இரங்கிக் கொடுத்தனர். மறுத்தால், மறுத்தது சரியா என்று கேட்பதற்கு ஒரு மன்றம் இல்லை.

முதல் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. ஊனமுற்றுத் திரும்பியோரின் தொகை கணக்கில் அடங்காததாயிற்று. 1917-இல் பிரிட்டிஷ் அரசு, ஊனத்தை நூற்றுக்கு இத்தனை என்று அளந்து பணம் தரும் முறையை வகுத்தது. என் மாணவர் கையிலிருந்த '30' என்ற எண்ணுக்கு இத்தகைய அளவுமுறைதான் முன்னோடி. 1919-இல், மறுக்கப்பட்டவர் நடுவர் மன்றத்தை நாடும் உரிமை சட்டமாயிற்று. 1943-இல் மேலும் ஒருபடி ஏறினர். நோய்க்குப் பணியே காரணம் என்று வீரன் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நியாயமான ஐயம் எழுமாயின் அதன் பயன் அவனுக்கே உரியது என்று வகுத்தனர். இக்கருத்து இந்தியாவின் 1982-ஆம் ஆண்டு விதிகளிலும் இடம் பெற்றது.

அதே 1982-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள், நகாரா வழக்கில் நம் உச்சநீதிமன்றம், ஓய்வூதியம் அரசின் கருணைக் கொடை அன்று என்று தெளிவாகத் தீர்ப்பளித்தது. 'உபகாரச் சம்பளம்' என்ற பெயரின் பொருள் அன்றே காலாவதியாயிற்று எனலாம்.

இன்னொரு வழக்கும் கிடைத்தது. 1985-இல் படையில் சேர்ந்த சிப்பாய் ஒருவர், வலிப்பு நோய் காரணமாக 1994-இல் விடுவிக்கப்பட்டார். ஊனம் நூற்றுக்கு 20. காரணம் பணி அன்று என்றனர். உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். இருவர் அமர்வு அதை மாற்றியது. இறுதியில் 2013 ஜூலை 2-ஆம் நாள் உச்சநீதிமன்றம் சிப்பாயின் பக்கம் நின்றது. படையில் சேரும்போது நோய்க்குறிப்பு ஏதும் எழுதப்படவில்லையெனில், அவர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும்; மாறாகச் சொல்லும் மருத்துவக் குழு காரணத்தை எழுத வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். நீதி கிடைத்தது, ஆனால் இடையில் பத்தொன்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இதையெல்லாம் படித்தபின் தாளை மீண்டும் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று விளங்கியது. நோயால் இடையில் விடுவிக்கப்பட்டவரின் ஊனம் 50-க்குக் குறைவாயினும், பணியே காரணம் என்று ஏற்கப்பட்டால், 50 என்றே கணக்கிடும் ஏற்பாடு 1996 முதல் உண்டு. ஆகவே 30-ஐ 40 ஆக்குவதற்குப் போராடினால் ஒரு காசும் கூடாது. அவருடைய ஊனத்திற்குரிய பங்கை அடியோடு தடுத்தது இரண்டாவது வரி. மனத்தைச் சுட்டது ஒரு வரி. வாழ்வைச் சுட்டது மற்றொரு வரி!

மூன்றாம் நாள் அவர் வந்தார். இதை எடுத்துரைத்துவிட்டு, என் கதை ஒன்றையும் சொன்னேன். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற முதலாண்டில், மாணவன் ஒருவன் விடைத்தாளை நீட்டி, "ஐயா, ஒரு பக்கம் திருத்தப்படவில்லை" என்றான். எனக்குச் சினம் வந்தது. புரட்டிப் பார்த்தேன், அவன் சொன்னது உண்மை. அவன் என்னை அவமதிக்கவில்லை. ஒரு பிழையிலிருந்து என்னைக் காத்தான்.

"தம்பி! அப்பா சொன்ன நன்றியை மறவாதே. ஆனால் கணக்கைச் சரிபார்க்கச் சொல்வது நன்றி கெட்ட செயல் ஆகாது. முதலில் மருத்துவக் குழு நடவடிக்கைகளின் நகலைக் கேட்டு வாங்கு. நீ சேர்ந்த நாளில் நோய்க்குறிப்பு உண்டா என்று பார். குழு தக்க காரணம் எழுதியிருந்தால் உன் வழக்கு தளரும், எழுதாவிடில் வலுப்பெறும். அதைப் பார்த்தபின் முடிவு செய். காலம் பிடிக்கும், தோற்கவும் கூடும் என்பதையும் எண்ணிக்கொள்" என்றேன்.

நகல் வந்தது. சேர்ந்தபோது நோய்க்குறிப்பு இல்லை. குழு காரணமும் எழுதவில்லை. அவர் மேல்முறையீடு செய்தார். முதல் முறையீடு தள்ளுபடியாயிற்று. இரண்டாவதை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார். அதுவும் பயன் தராவிடில், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. சென்னையிலும் அது அமர்கிறது. விதிகள் 2023-இல் புதிதாக எழுதப்பட்டுள்ளன. ஆதலால் இவ்வழியில் செல்வோர், தாம் விடுவிக்கப்பட்ட நாளுக்கு எந்த விதி பொருந்தும் என்று பார்ப்பது முறை.

இப்போது அவருடைய தந்தையே தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்கிறார்.

மாணவர்களே! மதிப்பெண் பட்டியலோ, அரசாணையோ, ஒரு தாளில் உங்களைப் பற்றி ஓர் எண் எழுதப்படும் நாள் வரும். அந்த எண்ணைக் கண்டு குமுறுமுன், தாள் முழுவதையும் படியுங்கள். எந்த வரி தவறென்று கண்டுகொள்ளுங்கள். பிறகு பணிவோடும் அச்சமின்றியும் கேளுங்கள். அவ்வாறு கேட்டவர்களால்தான் உபகாரம் உரிமையாயிற்று.