கொழுந்து மடுவத்துக் கணக்கும் பள்ளிக்கூடத்துக் கணக்கும்

போன மாதம் ஹந்தானைப் பக்கம் ஒரு லயத்தில் பின்னேர வகுப்புக்குப் போயிருந்தோம். தரம் 4 படிக்கிற ஒரு பிள்ளையிடம் 25ஐ 18ஆல் பெருக்கச் சொன்னேன். அவள் பென்சிலைத் தொடவே இல்லை. "நாலு இருபத்தஞ்சு நூறு. பதினாறுக்கு நானூறு. இன்னும் ரெண்டுக்கு அம்பது. நானூத்தம்பது" என்றாள். விடை சரி. ஆனா அவளுடைய கொப்பியில் இதே மாதிரி ஒரு கணக்குக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையில் "வழி எங்கே?" என்று இருந்தது.

வழி அவள் வாயில்தான் இருந்தது. அதை ஏன் நாம் வழியாக எடுப்பதில்லை என்று தேடிப் போனால், கதை நூறு வருசத்துக்கு மேல் பின்னால் போகிறது.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அதுக்கு முதல் கோப்பிக் காலத்திலேயே நம்ம ஆட்கள் வந்துவிட்டார்கள். உழைப்பு அவர்களுடையது, கணக்கு கங்காணியுடையதும் கணக்குப்பிள்ளையுடையதும். தொழிலாளியின் கடனை எழுதிய 'துண்டு' அவர் பெயரில்தான் இருக்கும், ஆனா அதை வாசிக்க அவருக்குத் தெரியாது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் நிறுத்தப்பட்டது.

ஊரில் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்ததே என்று கேட்கலாம். எண்சுவடி இருந்தது, 320இல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் பின்னக் கணக்கு இருந்தது. பெருமைதான். ஆனா இங்கே வந்தவர்களில் பலருக்குச் சாதியின் பெயரால் அந்தத் திண்ணையில் இடம் இருக்கவில்லை.

அப்போ பள்ளிக்கூடம்? 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் வந்தது. அதற்குப் பிறகு உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்குப் பணம் கிடைத்தது பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்துத்தான். வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் மூன்றையும் பரிசோதகர் வந்து சோதிப்பார். பிள்ளை எப்படி யோசித்தது என்று பார்க்க அவருக்கு நேரம் ஏது? எல்லாரும் ஒரே மாதிரி எழுதினால் திருத்துவது சுலபம். 1907 கிராமப் பாடசாலைச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் துரைமாரிடம் விட்டது. கிடைத்தது பெரும்பாலும் ஒரு அறை, ஒரு வாத்தியார், எல்லா வயசுப் பிள்ளைகளும். அந்த நிலைமையில் வாய்ப்பாட்டை ஒன்றாய்ச் சொல்ல வைப்பதைத் தவிர வாத்தியாருக்கும் வேறு வழி இல்லை. 1945 இலவசக் கல்வி தோட்டத்தை எட்டவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியது 1977இல்தான்.

இத்தனை காலமும் கணக்கு இன்னொரு இடத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது: கொழுந்து மடுவத்தில். காலையில் 7 கிலோ, பகல் 6½, பின்னேரம் 5. தண்ணிக்கும் சாக்குக்கும் கழித்தால் மிச்சம் எவ்வளவு, முழுப்பேர் விழுமா அரைப்பேரா? வரிசையில் நிற்கும்போதே தலைக்குள் முடிக்க வேண்டும். பிழைத்தால் போவது சம்பளம். இறாத்தல் கிலோவாக மாறிய காலத்தைப் பற்றி என் அம்மாயி சொல்வார்: "கிலோவ ரெண்டு மடங்காக்கு, அதுல பத்துல ஒரு பங்கக் கூட்டு, இறாத்தல் வந்துரும்." 18 கிலோவுக்கு 36, அதோடு 3.6. கிட்டத்தட்ட சரி! அவர் பள்ளிக்கூடம் போனதில்லை.

இது நம்ம கதை மட்டும் இல்லை. பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் சாமான் விற்ற ஐந்து பிள்ளைகளைப் பற்றி நூனெஸ், கராஹெர், ஷ்லீமன் ஆகியோர் 1985இல் எழுதினார்கள். தெருவில் அந்தப் பிள்ளைகளின் விடைகளில் 98 வீதம் சரி. அதே மாதிரிக் கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 வீதம்தான்.

1997 கல்விச் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளுக்கு விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று மூன்றையும் சொன்னது. 1999இல் அது நாடு முழுக்க வந்தது. ஆனா புலமைப்பரிசில் நெருங்கும்போது மேசை மட்டும் மிஞ்சுகிறது.

அடுத்த கிழமை அதே 25 × 18ஐப் பலகையில் எழுதி, வழியை மட்டும் கேட்டோம். ஒருத்தன் 20 தரம் எடுத்து 500இலிருந்து 50 கழித்தான். ஒருத்தி 360உம் 90உம் கூட்டினாள். இன்னொருத்தன் 20 × 10, 5 × 8 என்று பிரித்து 240 என்றான். அழிக்கவில்லை. எங்கே குறைந்தது என்று பிள்ளைகளே சண்டை பிடித்து, விடுபட்ட 160ஐயும் 50ஐயும் கண்டுபிடித்தார்கள்.

நெடுக்குப் பெருக்கலைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது ஒரு வழி, அவ்வளவுதான். தன் வழி பிழை என்று ஒன்பது வயசில் நம்பிவிடுகிற பிள்ளை, பிறகு யார் கணக்குக் காட்டினாலும் தலையாட்டத்தான் செய்யும். துண்டுச் சீட்டை வாசிக்க முடியாமல் நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் விசயத்தில் நாம் அதை அனுமதிக்கலாமா?